சாங்தாங்கில் புதைத்த பெட்டி

அன்புள்ள குன்செஸுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? ஆடுகள் நலமா? யாருமே நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டு இந்தக் கதையைச் சொல்கிறேன். திபெத்துக்கு அடியில் இந்தியா எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்று உன் புருஷன் எட்டிப் பார்த்துவிட்டான்!

பூகம்ப அலைகள் ஆழத்தில் குளிர்ந்த இந்தியப் பாறையில் ஓடும், சூடான திபெத்துப் பாறையில் தள்ளாடும். அவை வந்துசேரும் நேரத்தை, இந்தச் சாங்தாங் மேட்டுநிலமெங்கும் நாங்கள் புதைக்கும் நிலநடுக்கப் பதிவுப் பெட்டிகள் பிடித்தால், விஞ்ஞானிகள் ஆழத்தைப் படமாக்குவார்கள். கடைசிப் பெட்டியைப் புதைக்கப் போனபோது ஊர்த்தலைவி பல்மோ மறித்தாள். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் படத்தின் நடுவில் ஓட்டை விழும்.

“மண்ணுக்குள்ள இருக்கற நாகங்களக் கேட்டியா?”

“கேட்டேன் அக்கா. பேசாம இருந்தாங்க. சம்மதம்தான்.”

“பொண்டாட்டி பேசாம இருந்தாலும் சம்மதம்னுதான் நெனப்பியா?”

“இந்தப் பெட்டியால தொந்தரவே இல்லக்கா. பேசாது, கேக்க மட்டும் செய்யும்.”

“அப்ப ஒனக்கு நேர் எதிரு!”

சிரித்துவிட்டாள். நாகங்களுக்குப் பால் ஊற்றி, புகை போட்டு, முதல் மண்ணை அவளே தோண்டினாள்.

பிறகு எங்கோ கடலடியில் பூமி குலுங்கியது. பயப்படாதே, இங்கே தேநீர்கூடத் தளும்பவில்லை. ஆனால் பெட்டி துல்லியமாகக் கேட்டது. கண்டமே எழுந்து எனக்கு வணக்கம் வைத்தது!

லேயிலிருந்து வரும் பஸ்ஸில் கம்பளிக் காலுறை அனுப்பு. கடையில் வாங்காதே, நீ பின்னியதுதான் வேண்டும்.

ஜீப் கிளம்புகிறது. கண்டம் வணக்கம் வைத்தது புளுகுதான். ஆனால் விஞ்ஞானிகள் அந்தக் கடைசிப் பெட்டிக்கு என்னிடம் பெயர் கேட்டார்கள். என் கதைகளைப் பொறுமையாகக் கேட்பது நீ ஒருத்திதானே? படத்தில் ஓட்டை விழுந்திருக்க வேண்டிய இடத்தில் இப்போது ‘குன்செஸ்’ என்று அச்சாகியிருக்கிறது. அது மட்டும் நிஜம்.

உன் ரிக்சின்