கொல்லையில் ஊற்றிய சிமெண்ட்

வாளியில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் பட்டதும் சீறிக்கொண்டு எழுந்து தொண்டையைக் கவ்வுகிற அந்தச் சூட்டு வாசனை. பொங்கல் நெருங்குகிறது. எங்கள் நகரில் வீட்டுக்கு வீடு பெயிண்ட் டப்பா திறந்திருக்கிறது, என் வீட்டில் மட்டும் சுண்ணாம்பு. "நர்ஸம்மா வீட்ல இன்னும் வெள்ளையடிக்கிறாங்க" என்று எதிர்வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அம்மாவை வாசலில் உட்கார வைத்திருக்கிறேன், இந்த நெடி அவளுக்கு ஆகாது. எனக்கு இது நீ வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டிய ஒரு முடிவும் பாக்கியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

வலங்கைமான் பக்கத்தில் ஒரே தெருவில் பிறந்தோம். நம் இருவரின் அம்மாக்களும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள். நீ டிப்ளமோ சிவில் படித்தாய், நான் நர்ஸிங். மன்னார்குடிக்கு வெளியே வயலை மனையாக்கிய இடத்தில் நான் வீடு கட்டியபோது, நீ திருச்சிப் பக்கம் யாருடைய அபார்ட்மெண்டுக்கோ சைட் பார்த்துக்கொண்டிருந்தாய். மேஸ்திரி கட்டி முடித்ததும் நான் ஒரே ஒரு வேலையை மட்டும் கூடுதலாகச் செய்யச் சொன்னேன். கொல்லை முழுவதும், ஒரு சாண் மண் தெரியாமல், சிமெண்ட் ஊற்றச் சொன்னேன். என் அம்மா இனி சேற்றில் கால் வைக்கக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு. விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணோடு வளர்த்தவளுக்கு நான் செய்த மரியாதை அது. அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

ஆனால் அடுத்த மழையிலேயே அம்மாவின் அறைச் சுவர் பூக்க ஆரம்பித்தது. முன்னால் காற்றோட்டமான அறை இருக்க, அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்ட கொல்லைப்பக்க அறை. யார் வீட்டுக்குப் போனாலும் கொல்லை வழியாகவே போய் வந்தவளுக்கு, சொந்த வீட்டிலும் அந்தப் பக்கம்தான் நிம்மதியாக இருந்தது. சுவரின் அடியில் வெள்ளை உப்பு, அதற்கு மேல் கறுப்புப் பூசணம். நான் பட்டி பார்த்து, ஈரம் தாங்கும் பெயிண்டை அடித்தேன். கொப்புளம் கொப்புளமாக உப்பிக்கொண்டு விழுந்தது. மறுபடி அடித்தேன். இதற்குள் அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்கு அலைவாள். ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் மெஷினில் மருந்து ஆவி வைக்கிறவள், வீட்டிலும் ஒரு மெஷின் வாங்கி அதையே வைத்தேன். வைத்தால் அடங்கும். மறுநாள் திரும்ப வரும்.

நீ லீவில் வந்தவள் அம்மாவைக் கூடச் சரியாக விசாரிக்கவில்லை. நேராக அறைக்குள் போய்ச் சுவரடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாய். பிறகு கொல்லைக் கதவைத் திறந்து வெளியே நின்றாய்.

"இந்த வேலையைச் செஞ்ச மகராசன் யாருடி?"

"நான்தான் செய்யச் சொன்னேன்."

"நல்லா சொன்ன போ. அஸ்திவாரத்துக்கு மேல ஓதம் ஏறாம ஒரு பூச்சு போட்டிருப்பாங்க. நீ அதுக்கும் மேல சிமெண்டைத் தூக்கி ஊத்தியிருக்க. வாட்டம் வேற செவுத்தைப் பாத்து இருக்கு. மழைத் தண்ணி எங்க போகும்? உங்கம்மா கட்டிலுக்குத்தான் போகும்."

"பெயிண்ட் அடிச்சேனே."

"மூக்கை அடைச்சிட்டா சளி நின்னுடுமா, நர்ஸம்மா? உள்ள இருக்கிற ஈரம் வெளிய வரணும். நீ அதுக்கும் பூட்டுப் போட்டுட்ட. ஒடைடி இதை."

எனக்கு வந்ததே ஆத்திரம். எங்கம்மா சேற்றில் நின்றது போதாதா என்று கத்தினேன். நீயும் விடவில்லை. "ஒன் கோவத்தையெல்லாம் சிமெண்டாக் கரைச்சு ஊத்தி வெச்சிருக்க. அதைக் குடிச்சிட்டு அத்தை மூச்சு விட முடியாமக் கெடக்கு" என்றாய். அதற்குள் அம்மா கதவடியில் வந்து நின்றாள்.

"அவ சொல்றபடி ஒடை. சேறுன்னா எனக்கு என்ன பயமா? அடுத்தவன் சேத்துலதான் நிக்க மாட்டேன். இது என் சேறுடி."

கடப்பாரையை நீதான் முதலில் எடுத்தாய். சுவரோரமாக ஒரு முழ அகலத்துக்கு உடைத்தெடுத்து, அஸ்திவாரத்துப் பூச்சுக்குக் கீழே போகும்வரை மண்ணைத் தோண்டி, ஜல்லியை நிரப்பினோம். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா மதில்மேல் எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷிதான். ஆனாலும் அந்தக் கேள்வி அவரிடமும் இருந்தது. "நீங்க எந்த ஊரும்மா?" என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னாய். "அங்க எந்தத் தெரு?" என்றார். நம் பக்கத்தில் சாதியைக் கேட்கிற அழகான வழி அது. நான் பல்லைக் கடித்தேன். நீ நெற்றி வியர்வையை வழித்துப் போட்டுவிட்டு, "மழை பெஞ்சா ஊர்த் தண்ணியெல்லாம் வந்து நிக்கிற தெருங்க. அதான் தண்ணி எங்க போகும்னு நல்லாத் தெரியும்" என்றாய். அந்தம்மா தலை மதிலுக்குக் கீழே போய்விட்டது. அம்மா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அதற்கும் நாம் பயந்தோம்.

பிறகு உள்ளே. அம்மாவை அறையிலிருந்து வெளியேற்றினாய். பூசணத்தைக் காய்ந்தபடியே துடைப்பத்தால் தட்டினால் வீடு முழுக்கப் பறக்கும் என்று, மூக்கில் துணி கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தாய். பெயிண்டையும் பட்டியையும் செங்கல் தெரியச் சுரண்டிவிட்டு, "இப்படியே அம்மணமாக் கெடக்கட்டும். கோடை முழுக்கக் காயட்டும். பொறவு சுண்ணாம்பு அடி. வேற எதைத் தடவினாலும் வந்து ஒதைப்பேன்" என்றாய்.

மீதிக் கொல்லையைச் செடிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். மீதிச் சிமெண்டையும் உடைக்கச் சொன்னாள். சமையலறைத் தண்ணீர் போய் விழுகிற கோடியில் வாழை, அதன் நிழலில் சேம்பு, வெயில் படுகிற இடத்தில் கீரை. வாழையைச் சுவருக்குப் பக்கத்தில் வைக்கப் போனவளை நீ தடுத்தாய். தண்ணீரைக் குடிக்கிற செடி தண்ணீரைச் சுவருக்கு அழைத்து வந்துவிடும், தள்ளியே நிற்கட்டும் என்றாய். பினாயில் தண்ணீரை அந்தப் பக்கம் விடக்கூடாது, கீரைக்கு மட்டும் நல்ல தண்ணீர் என்றும் சொன்னாய். "எனக்கே வெவசாயம் சொல்லித் தர்றியா, இஞ்சினியரு?" என்று அம்மா கேட்டாள். "செடி ஒங்களுது அத்தை, செவுரு என்னுது. எல்லை தாண்டாதீங்க" என்றாய். மூச்சு வாங்கினாலும் அன்று முழுவதும் அவள் கொல்லையை விட்டு உள்ளே வரவில்லை.

கிளம்பும்போது நான் கேட்டேன், "சரியாயிடுமா?" நீ எதையும் அப்படிச் சொல்லிவிட மாட்டாய். "ஐப்பசி மழை போவட்டும். அப்புறம் நீயே சொல்லு."

ஐப்பசிக்கு நீ இல்லை. சைட்டிலிருந்து திரும்புகிற வழியில், விளக்கில்லாமல் சாலையோரம் நிறுத்தியிருந்த லாரி. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், எழுதினால் வேறு மடலாகிவிடும். துக்கத்துக்கு வந்திருந்த சித்தாள் பெண்கள் ஒரு விஷயம் சொன்னார்கள். சைட்டில் பெண்களுக்குக் கக்கூஸ் கட்டாமல் முதல் மாடிக்குத் தளம் போட விடமாட்டேன் என்று நீ கான்கிரீட் வண்டியைத் திருப்பி அனுப்பினாயாம். நீ என்னிடம் சொன்னதே இல்லை. உன்னைத் திட்டுவதற்கு வாய் வந்தது, நீ இல்லை.

இந்த வருஷ மழை உனக்குப் பிடித்திருக்கும். சும்மா தூறிவிட்டுப் போகவில்லை. வடிகால் வாய்க்கால் நிரம்பித் தெருவில் தவளை ஏறியது. எதிர்வீட்டுப் பெயிண்ட் கொப்புளம் கட்டியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன், சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் தப்பா? மழை வெறித்த காலையில் அம்மாவின் கட்டிலை இழுத்துவிட்டு, சுவரடியில் கையை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. ஈரம் இல்லை. இன்னொரு இடம் பார்த்தேன், மூலை பார்த்தேன். இல்லை.

"ஏண்டி செவுத்தைத் தொட்டுப் பாக்குற? அதுக்கும் காய்ச்சலா?" என்றாள் அம்மா. மழைக்காலம் முழுவதும் ஆவி மெஷின் பரணில் இருந்தது. இதுதான் முடிவு. கேட்டுக்கொண்டாயா?

ஆஸ்பத்திரியில் இப்போது எனக்கொரு பழக்கம். இழுப்போடு குழந்தையைத் தூக்கி வருகிறவர்களிடம் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன். டாக்டர் முறைப்பார், வெளியே வரிசை நிற்கும். போன வாரம் குடவாசல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், இடுப்பில் விசில் அடிக்கிற மூச்சோடு ஒரு குழந்தை. அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு, கட்டியதிலிருந்தே ஒழுகுகிறதாம். கட்டினவன் அதில் ஒரு ராத்திரி படுத்திருப்பானா? குழந்தைக்கு ஆவி வைத்துவிட்டு, "எந்தச் செவுத்தோரம் படுக்க வைக்கிறீங்க?" என்றேன்.

"கொல்லைச் செவுருங்க. ஏன்?"

ஸ்டூலை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மொதல்ல புள்ளைய அங்கேருந்து தள்ளிப் படுக்க வைங்க. வெளிய அந்தச் செவுத்தோரம் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தீங்களா?"