குரல் 001

ஜூலை 20, 2024. சனி

பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம். வேங்கிக்காலிலிருந்து ஊருக்குள் ஆட்டோக்காரர்கள் வரமாட்டேன் என்கிறார்கள். கம்பெனி வேலையும் இல்லை. சும்மா இருக்க முடியாமல் மனைவி ஓவியாவின் லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தேன்.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் அவர்கள் பேச்சைப் பதிந்து வந்திருக்கிறாள். ஆனால் வைத்திருக்கிற லட்சணம்! ஆளுக்கொரு ஃபோல்டர், அதற்குப் பெயர் ‘மறுபடி போகணும்’, ‘அழுதாங்க’, ‘எழுத வேணாம்னு சொன்னாங்க’. சிரித்துவிட்டேன். இப்படி வைத்திருந்தால் எப்போது முடிப்பாய் என்று கேட்டேன்.

பைத்தானில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட். ஒலியெல்லாம் ஒரு ஃபோல்டருக்கு, படமெல்லாம் ஒன்றுக்கு, எழுத்தெல்லாம் ஒன்றுக்கு. “காப்பி எடுத்துட்டுத்தானே செய்றீங்க?” என்றாள். இதற்கெல்லாம் எதற்குக் காப்பி என்றேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். நல்லா இருக்குங்க என்றாள்.

ஜூலை 21. ஞாயிறு

ஒலி ஃபோல்டரில் இருப்பது இவ்வளவுதானா?

மாலை — புரிந்துவிட்டது. காலி செய்யும் ஒவ்வொரு முறையும் அவள் ரெக்கார்டர் மறுபடி ‘குரல் 001’ என்றுதான் தொடங்கும். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி ஃபோல்டர் இருந்ததால் ஒரே பெயர் இருந்தும் இடிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டினேன். ஒவ்வொன்றும் முந்தையதை அழித்துக்கொண்டு உட்கார, கடைசியாக வந்தது மட்டும் மிச்சம். அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வரி போட்டிருந்தால் போதும். கம்பெனியில் யாராவது அந்த வரியை விட்டால் நான் எப்படியெல்லாம் பேசுவேன்.

சமையலறையிலிருந்து, எல்லாம் சரியா இருக்கா என்று கேட்டாள். இருக்கு என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூலை 22

அழிந்ததை மீட்கும் மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தேன். இரைச்சலும் துண்டும்தான். அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 23

இன்றும்.

ஜூலை 24. புதன்

அவளே கண்டுபிடித்தாள். ஜோதியம்மாளின் பேச்சைத் தேடித் திறந்தால் வேறு யாரோ ரயிலில் இடம் பிடித்த கதையைச் சொல்கிறார்கள்.

மற்றவர்கள் பேசியதைப் பெரும்பாலும் கேட்டு எழுதி முடித்திருந்தாள். சாரத்திலிருந்து விழுந்து செத்த மகளைப் பற்றி ஜோதியம்மாள் சொன்னதை மட்டும் மறுபடி கேட்க மனசு வராமல் தள்ளிப் போட்டிருந்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

“அப்ப நான் கேட்டப்பவே தெரியும்.”

அவ்வளவுதான். லேப்டாப்பை மூடிவிட்டுக் குளியலறைக்குப் போனாள். குழாய் ரொம்ப நேரம் திறந்தே இருந்தது.

சீ, நான்லாம் என்ன மனுஷன். அழிஞ்சதாவது தெரியாம நடந்தது. இத்தனை நாளா கட்டின பொண்டாட்டி மூஞ்சியப் பாத்து, சாம்பார் நல்லாயிருக்குன்னு சொல்லிகிட்டு —

ஜூலை 28. ஞாயிறு

ஜோதியம்மாளிடம் போகிறேன் என்றாள். நானும் வருகிறேன் என்றேன். அப்போ நீங்களே சொல்லுங்க என்றாள்.

கடலைக் கொல்லைகளைத் தாண்டி ஒற்றை வீடு. எனக்கு நாற்காலி போட்டார் அந்த அம்மா. ஓவியா பழகியவள், தரையில் உட்கார்ந்துகொண்டாள். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு என்று ஆரம்பித்தேன். ஓவியா நிமிர்ந்து பார்த்தாள். இல்லம்மா, நான்தான் அழிச்சுட்டேன் என்றேன்.

அந்த அம்மா ஓவியா பக்கம் திரும்பினார்.

“அப்ப அவ பேரும் போயிடுச்சா?”

பேர் இருக்கும்மா, கையால எழுதி வெச்சிருக்கேன் என்றாள் ஓவியா.

“அன்னிக்கி எப்படியோ வாய்ல வந்துச்சு, சொல்லிட்டேன். இன்னொரு வாட்டி வராது. நீ மனசுல வெச்சுக்காத தம்பி.”

எனக்கு ஆறுதல் சொல்கிறார். எனக்கு! அவித்த கடலையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். வேண்டாமென்று சொல்ல முடியாமல் ஒன்றை உரித்துக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 11

வீட்டில் பேச்சு இருக்கிறது. அரிசி, கரண்ட் பில், துணி காய்ந்துவிட்டதா. அதற்கு மேல் இல்லை.

பிப்ரவரி 9, 2025. ஞாயிறு

பிழை பார்த்துத் தரச் சொல்லி ஓவியா ஓர் அத்தியாயத்தைக் கொடுத்தாள். அவளாகக் கேட்டது இத்தனை மாதத்தில் இதுதான் முதல்முறை. அதில் ஜோதியம்மாளைப் பற்றி நினைவிலிருந்து எழுதியது ஒரே ஒரு பக்கம். அடியில் சிறிய எழுத்தில்: ‘இந்த நேர்காணலின் ஒலிப்பதிவு ஆய்வாளரின் கவனக்குறைவால் அழிந்துவிட்டது.’

ஆய்வாளர் என்றால் நீதானே, இதை மாற்று என்றேன்.

“அந்தம்மா என்னை நம்பித்தானே பேசினாங்க. உங்களை நம்பி இல்லையே.”

கோபமாகச் சொல்லவில்லை. டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அங்கங்கே ஒற்றுப்பிழைகள் இருந்தன. பென்சிலால் குறித்து, காகிதங்களை வரிசையாக அடுக்கி அவள் மேஜையில் வைத்தேன். அந்த வரியை மட்டும் தொடவில்லை.