நாலு மூலை மஞ்சள்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் வணங்கி எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் முட்டி வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

விமான நிலையத்தில் ஒரு சின்னக் கூத்து. என்னைப் போல இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கியவர்கள் திரும்பி வரும்போது பாஸ்போர்ட் மட்டும் போதாது, குடியிருப்பு அட்டையையும் காட்ட வேண்டும். அதன் நாலு மூலையிலும் நீ மஞ்சள் வைத்து அனுப்பினாய் அல்லவா, அதைப் பார்த்த அதிகாரி, போலி அட்டையோ என்று என்னைத் தனியறையில் உட்காரவைத்துவிட்டார். பிறகு ஈரத்துணியை நீட்டி, “இதைத் துடைச்சுக் குடுங்க, பாக்கலாம்” என்றார்.

“ஆஸ்பத்திரி விரிப்புல ரத்தக்கறை எடுக்கறதுதான் என் வேலை. இதை எடுக்கத் தெரியாம இல்ல, எடுக்க மாட்டேன். எங்கம்மா கையால வெச்சது. சந்தேகம்னா மிஷின்ல போட்டுப் பாருங்க” என்றேன்.

போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்.

அறைக்கு வந்ததும் அட்டையை முகர்ந்து பார்த்தேன். நிறம் அப்படியே இருக்கிறது, வாசனைதான் போய்விட்டது.

சலவை மிஷின் கத்துகிறது, ஓட வேண்டும். அடுத்த பார்சலில் மஞ்சள் கிழங்கு இரண்டு வை. வரும் வருஷம் புது அட்டை தருவார்கள். அதற்கும் நாலு மூலையிலும் வைப்பேன். யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

உன் மகள்