வேப்பமரத்தடியில் ஒன்பது திரி

திண்டுக்கல்,
5-11-1956

சேசு மரி சூசை துணை.

மூணாறு மலையில் தேயிலைக்குக் காவலிருக்கும் என் வீட்டுக்காரருக்கு மதலேனம்மாள் எழுதிக்கொள்வது. நான் சுகம். மூன்றாம் வகுப்போடு கன்னியர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நீங்கள் போடும் இரண்டு வரிக் கடுதாசிக்கு இந்தக் கோணலே அதிகம்.

நீங்கள் விட்டுப்போன கிடா நன்றாக இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் பேரை வாயால் சொல்லக்கூடாதே, அதனால் அதை ‘அவுக’ என்றே கூப்பிடுகிறேன். ஆனால் அது பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இங்கே மழை பிடித்துவிட்டது. மழை என்றால் எனக்கு இன்னும் அதே கிறுக்குத்தான். நம் பிள்ளை ராயப்பராஜ் நனைவானே என்று பனையோலையை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு ஓடுவேன். ஊர் சிரிக்கிறது. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, ஓலையை மூடிவிட்டுத்தான் திரும்புவேன். ஓலைமேல் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள், தண்ணி தண்ணி என்று காலரா கண்ட கடைசி நாள் கேட்டானே, அந்தக் குரல் கேட்கும். கொடுக்கக்கூடாது என்று சொன்னார்கள். நாமும் கொடுக்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் சொன்ன வேப்பமரத்தடிக்கு மெழுகுதிரியும் செவ்வந்தியும் கொண்டுபோனால், அங்கே ஒருத்தி குப்புற விழுந்து அழுகிறாள். சாணார்பட்டிப் பக்கத்துச் சவேரியம்மாள். அதே காலராவில் ஐந்து வயது மகளைக் கொடுத்துவிட்டு, புருசனோடு வெளியூர் பிழைக்கப் போனவள். இப்போதுதான் திரும்பியிருக்கிறாள்.

ஏ ஆத்தா, எம் பிள்ளை மேல படுத்துக்கிட்டு யாருக்கு அழுகுற என்றேன். இது எம் மக இடம், எங்க வீட்டுக்காரரு இந்த மரத்தத்தான் சொன்னாரு, நீ தள்ளிப் போ என்றாள். விடுவேனா? நாலு வருசமா ஓலை மூடுனவ நான், நீ நேத்து வந்தவ என்றேன். சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறை மந்திரிக்க வருகிற நேரத்தில், கையில் திரியோடு குழாயடிச் சண்டை.

குழி வெட்டுகிற சூசைராஜ் அண்ணன்தான் வந்து விலக்கினார். இவுகளப் புதைச்ச அன்னைக்கு மட்டும் ஒம்பது பிள்ளைக தாயி, கொட்டுற மழை, சுவரு நெடுகப் பள்ளம் வெட்டி வச்சோம், யாரு எங்கன்னு எனக்கும் தெரியாது, தூக்கியாந்த தகப்பன்மாருக்கும் தெரியாது, வீட்டுல பொம்பளைக கேப்பாகளேன்னு ஆளாளுக்கு இந்த மரத்தச் சொல்லிக்கிட்டாக என்றார்.

நாலு வருசமாக நான் சொன்ன கதை, வைத வசவு எல்லாம் யார் வீட்டுப் பிள்ளை கேட்டதோ. என் பிள்ளை ஒரு திரிகூட இல்லாமல் எந்த மூலையில் கிடந்தானோ.

அப்புறம்தான் உங்கள் நினைப்பு வந்தது. நான் பாயில் கிடக்க, நீங்கள் ஒற்றை ஆளாக அவனைத் தூக்கிப் போனீர்கள். முதல் கல்லறைத் திருநாளுக்கு வராமல் காய்ச்சல் என்றீர்கள். அடுத்த திருநாளுக்குள் மலையேறிவிட்டீர்கள். நீங்கள் சர்வேசுரனைப் பகைத்துக்கொண்டீர்கள் என்று சாமியாரிடமே கோள் சொல்லியிருக்கிறேன். அது என் தப்பு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சவேரியம்மாளிடம் இரண்டு மெழுகுதிரி, என்னிடம் மூன்று. நாலைப் பாதியாக ஒடித்து ஒன்பதாக்கி, சுவர் நெடுக நட்டோம். தூறல் விழுந்தது. அவளும் நானும் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு செபமாலை சொன்னோம். நாலு வருசமாக ஒருவனுக்கே செபித்த வாய், அன்று ஒன்பது பேருக்கும் சேர்த்துச் சொன்னது. சேசுவுக்கு யாரு எங்கன்னு தெரியும், நமக்கு எதுக்கு அடையாளம் என்றாள் அந்தச் சண்டைக்காரி. பிரசங்கத்தில் தூங்குகிற எனக்கு அது தைத்துவிட்டது. அழுதேன், ஆனால் பாரம் குறைந்து வீட்டுக்கு வந்தேன்.

மழை பெய்தால் இப்போதும் ஓடுகிறேன். ஆனால் ஒன்பது ஓலை வேண்டியிருக்கிறது. ஒருத்தியாகத் தூக்க முடியவில்லை.

என் பேர்க்காரி மதலேனம்மாள், ஆண்டவர் உயிர்த்த அன்று கல்லறையண்டை நின்று, அவரை எங்கே வைத்தீர் சொல்லும் என்று கேட்டு அழுதாளாம். நான் கேட்க மாட்டேன். சத்தியமாக ஒருநாளும் கேட்க மாட்டேன். சேசு பிறந்த திருநாளுக்கு வீட்டுக்கு வாருங்கள்.

வழியெல்லாம் மாதா உங்களோடு நடக்கட்டும்.

ஓலை தூக்க ஆள் இல்லாத,
மதலேனம்மாள்