மதகில் உட்கார்ந்து போட்ட மதிப்பெண்

நைனார்பாளையம்
6.7.2025

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

செந்தமிழ்ச்செல்வி டீச்சர் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டுக்காரர் அய்யனாரும் சுகம்தானே? குடகில் மழை கொட்டுகிறது என்று செய்தியில் பார்த்தேன். எஸ்டேட் லைனில் டவர் கிடைப்பதில்லை, அதனால்தான் கடிதம். இதைப் படித்துக் காட்டும் மேஸ்திரி வீட்டு ராதிகாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

முதலில் நல்ல சேதி. உங்கள் பெண் செவ்வந்தியை நானே கூட்டிப்போய்க் கீழே உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். பெட்டி, துணி, நீங்கள் கொடுத்த கம்பளி எல்லாம் பத்திரம். பஸ் மலை இறங்கும்வரை பாடிக்கொண்டே வந்தாள். கண்டக்டர் டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு நின்று கேட்டார். பள்ளி வாசலில்தான் என் கையை விடமாட்டேன் என்று அடம் பிடித்தாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், நாலு நாளில் சரியாகிவிடும்.

நீங்கள் எஸ்டேட்டுக்குப் புறப்பட்ட அன்று, "எங்கூடவே இட்டுகினு போயிடறேன் டீச்சர், கண்ணு முன்னாலயாவது இருக்கும்" என்றீர்கள். நான்தான் விடவில்லை. இந்த வருடம் எல்லாப் பதிவுகளையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். மலைப் பள்ளியில் நான் போட்ட மதிப்பெண், விடுதிப் பதிவு, கண் காது பரிசோதனை எல்லாம் செவ்வந்திக்குக் கொடுத்த ஒரே எண்ணுக்குள் இருக்கும். அங்கே அவள் டேப்லெட்டைத் திறந்தால், அவளுக்கு எதுவரை தெரியுமோ அதற்கு அடுத்த பாடம் வரும். பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலையில் தனி டீச்சர் உண்டு. அந்தப் பட்டியலையும் அதுவே போட்டுவிடும், யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அவள் எங்கே போனாலும் அவள் படிப்பு கூடவே போகும். நீங்கள் நிம்மதியாக வேலையைப் பாருங்கள்.

அன்புடன்,
செந்தமிழ்ச்செல்வி

நைனார்பாளையம்
26.10.2025

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

தீபாவளிக்கு நீங்கள் வருவீர்கள் என்று ஊரில் எல்லோரும் எதிர்பார்த்தோம். முதலாளி லீவு தரவில்லை என்று தங்கதுரை கடையில் சொன்னார்கள். அய்யனாருக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது? இங்கே மழை அதிகம். பள்ளிக்கூடத்துக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, நானும் பிச்சைமுத்து சாரும் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிறோம்.

போன சனிக்கிழமை செவ்வந்தியைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாள். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லையோ என்னவோ. நான் கொண்டுபோன முறுக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளே தவிர, தின்னவில்லை. பாடு என்றேன், தலையை ஆட்டிவிட்டாள்.

அவள் வகுப்பாசிரியை ஜெயசுதா நல்லவர்தான், ஆனால் கோபமாக இருந்தார். டேப்லெட்டை என் முன்னால் திறந்து காட்டி, "எல்லாம் தெரிஞ்ச பொண்ணுன்னு இதுல இருக்குது மேடம். மேல் படி பாடம் குடுத்தா வாயே தொறக்க மாட்டேங்குது. திமிருங்க" என்றார். ஒரு பத்தி படிக்கச் சொல்லி, படிக்கும்வரை நில் என்று சொல்லியிருக்கிறார். மணி அடிக்கும்வரை நின்றாளாம். அடுத்த நாளும் அப்படியே நின்றாளாம்.

நான் ஜெயசுதாவிடம், "வீட்டு நினைப்பு, சின்னப் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
செந்தமிழ்ச்செல்வி

நைனார்பாளையம்
18.1.2026

அம்சவள்ளி அவர்களுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ராதிகா எழுதிய கார்டு பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. செவ்வந்தி யாரோடும் பேசுவதில்லை, பாடச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்கிறாள், உங்களோடு மிளகு பொறுக்க வருகிறாள் என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டு அன்றைக்கு நான் சோறு பொங்கவில்லை.

ராதிகா, இனி வருவதை ஒரு வார்த்தை விடாமல் படி. என் மேல் இரக்கப்பட்டு எதையும் மென்று முழுங்காதே. செவ்வந்தி பக்கத்தில் இருந்தால் அவளும் கேட்கட்டும்.

அம்சவள்ளி, உங்கள் மகளுக்குப் படிக்கத் தெரியாது. அது எனக்கு நாலாம் வகுப்பிலேயே தெரியும். பக்கத்துப் பெண் படிப்பதை ஒரு தடவை கேட்டால் போதும், முழுப் பாடத்தையும் ராகம் போட்டு ஒப்பித்துவிடுவாள். ஒரு நாள் அவள் விரல் ஓடிய வரி ஒன்று, வாய் சொன்ன வரி வேறொன்று. பார்த்துவிட்டேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். துணைக்கால் போட்ட எழுத்து வரை அவளுக்கு வரும். கொம்பு, சுழி வந்தால் நின்றுவிடுவாள். தன் பெயரைக்கூடக் கோலம் போடுவதைப் போலத்தான் எழுதுவாள். உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரு வருடத்தில் வந்திருக்கும். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன்.

தேர்வை டேப்லெட்டில் பிள்ளைகளே எழுத வேண்டும். நம் பள்ளியில் சிக்னல் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மலைப்பாதையில் மூன்றாவது வளைவு மதகில்தான் கிடைக்கும். பதினெட்டுப் பிள்ளைகளையும் பஸ் போகிற வளைவில் உட்காரவைக்க முடியுமா? அதனால் வருடா வருடம் நான் மட்டும் வண்டியில் போய், மதகு மேல் உட்கார்ந்து, பதினெட்டுப் பேருடைய விடையையும் நானே தட்டிவிட்டு வருவேன். மலையில் நான் மட்டும் செய்கிற வேலையில்லை இது. ஆனால் உங்கள் பெண்ணுக்குத் தட்டியது என் விரல்தான். "கம்மியா போட்டா மேலேர்ந்து போன் வரும் டீச்சர், எல்லாத்துக்கும் நல்லதா போட்டுடு" என்று பிச்சைமுத்து சார் சொல்வார். அவர் மேல் பழி போடவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் போட்டிருப்பேன்.

முன்பெல்லாம் அந்த மதிப்பெண் எங்கேயும் போகாது. அடுத்த டீச்சர் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு வரி படிக்கச் சொல்லி, இவளுக்கு ஒன்றும் வராது என்று தெரிந்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். இப்போது எல்லாம் இணைந்துவிட்டதே, நான் மதகில் தட்டிய பொய் அவளுக்கு முன்னால் போய் வகுப்பில் உட்கார்ந்துகொண்டது. தனி டீச்சர் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. தெரியாத பாடமாக வந்துகொண்டே இருந்தது. அவளும் பதினோரு வயதில், எனக்குத் தெரியாது என்று சொன்னால் டீச்சர் பொய் சொன்னதாக ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். இதை அவளாகச் சொல்லவில்லை. அக்டோபரில் பார்த்தபோது, "என்னா கண்ணு, தெரியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே" என்று கேட்டேன். "நீங்கதான டீச்சர் தெரியும்னு போட்டீங்க" என்றாள். அதைத்தான் போன கடிதத்தில் உங்களிடம் மறைத்தேன். ஜெயசுதாவிடமும் மறைத்தேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் நவம்பரில் அவள் விடுதி கேட்டைத் தாண்டி ஓடியிருக்க மாட்டாள். மலைப்பாதை முழுக்க நடந்து, கால் இரண்டும் கொப்புளமாகி, பூட்டிக் கிடந்த உங்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

அவளை அழைத்துப்போக வந்தபோது நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "டீச்சர் பேச்ச கேட்டு விட்டேனே" என்று தங்கதுரை கடையில் அழுதீர்களாம். நீங்கள் என்னை நேரில் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டிசம்பரில் கல்வி ஆபீஸுக்குப் போனேன். மதிப்பெண்ணைத் திருத்தச் சொன்னேன். முடிந்த வருடத்தைத் திறக்க முடியாது என்றார்கள். நடந்ததை நான் கைப்பட எழுதிக் கொடுத்து, பிள்ளையும் நேரில் வந்து புதிதாகத் தேர்வு எழுதினால் மட்டும் மாற்றுவார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினெட்டுப் பேருக்கும் சேர்த்தே எழுதினேன். ஒரு வாரத்தில் என்னை சஸ்பெண்ட் செய்து ஆர்டர் வந்தது. அது எனக்குச் சேர வேண்டியதுதான், நீங்கள் அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம்.

பிப்ரவரி பத்தாம் தேதிக்குள் செவ்வந்தி வர வேண்டும். வராவிட்டால் படிப்பை விட்டவள் என்று அவள் எண்ணுக்கு நேரே விழுந்துவிடும், விடுதி இடமும் போய்விடும். ஜெயசுதாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் டேப்லெட்டை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, "கூட்டினு வாங்க, என் பக்கத்துல உக்கார வச்சுக்கறேன்" என்றார். மாலையில் நானும் தினமும் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீங்கள் அனுப்பமாட்டேன் என்று சொன்னாலும் அதில் நியாயம் இருக்கிறது. ஒன்றே ஒன்று செய்யுங்கள். கடைசி வரியை ராதிகா படிக்க வேண்டாம். கடிதத்தைச் செவ்வந்தி கையில் கொடுங்கள். கொம்பு, சுழி எதுவும் இல்லாமல், அவளுக்குத் தெரிந்த எழுத்தாகப் பார்த்துப் பெரிதாக எழுதியிருக்கிறேன். அவளாகப் படிக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

உங்கள் செந்தமிழ்ச்செல்வி

வா. நாம் பாடலாம்.