பெரியப்பாவின் வலது கை

அன்பு மகள் நோமினுக்கு,

உன் குளிர்காலம் சுகமாகக் கழிகிறதா? நானும் உன் அம்மாவும் கை கால் விரல் ஒன்றும் குறையாமல் இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிட்டேன், மற்றதைப் பதறாமல் படி. நாங்கள் தலன்சத்கத் வீட்டில் இல்லை. வெள்ளை மாதப் புத்தாண்டின் இரண்டாம் நாள் கிளம்பி, கோபிப் பாலைவனத்தைக் கடந்து உன் பெரியப்பாவிடம் வந்தோம். வந்த இரவே காற்று பிடித்துக்கொண்டது, மூன்று நாளாக அவர் கூடாரத்திலேயே அடைந்து கிடக்கிறோம். போனில் சொல்லலாம்தான். ஆனால் இங்கே பின்மேட்டு உச்சியில் மட்டும்தான் சிக்னல், அங்கே நின்று பேசினால் பாதியைக் காற்று கொண்டுபோகும், மீதியை உன் அம்மா அழுகையில் கரைத்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன். பக்கங்களைப் படமெடுத்து உனக்கு அனுப்பிவிட்டுத்தான் வண்டியை எடுக்கப் போகிறேன்.

ஏழு வருஷமாக நான் பெரியப்பா வாசலை மிதிக்கவில்லை என்று உனக்குத் தெரியும், ஏன் என்று முழுதாகத் தெரியாது. நீ கொரியாவுக்குக் கிளம்பிய வருஷம் விருந்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் அவர், "பொண்ண மூட்டை கட்டி அனுப்புறியேடா, எந்தச் சந்தையில நல்ல வெல?" என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "உன்ன மாதிரி ஆட்டுப் புழுக்கைக்குக் காவல் கெடக்கணுமா அவ?" என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அப்பா போன பிறகு குதிரையில் தனக்கு முன்னால் உட்கார வைத்து என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவர். அவரிடம் அப்படிப் பேசினேன். அதற்கப்புறம் வருஷா வருஷம் மாவு மூட்டை அனுப்பினேன், கம்பளி பூட்ஸ் அனுப்பினேன், நான் மட்டும் போகவில்லை. புத்தாண்டில் இளையவன்தான் மூத்தவனைத் தேடிப் போக வேண்டும், அவர் எப்படி வருவார்? இந்த வருஷம் அவருக்கு எழுபத்து மூன்று, கருவில் இருந்ததையும் சேர்த்து எண்ணும் நம் கணக்கில், பன்னிரண்டு வருஷச் சுற்றின் பிறந்த வருஷம் திரும்பி வருகிற பொல்லாத வயது. நான் வராவிட்டால் லாரி பிடித்துத் தான் மட்டும் போவதாக உன் அம்மா சொல்லிவிட்டாள்.

கிளம்பும்போது, அஞ்சு மணி நேரத்தில் போய்விடலாம் என்று வாய்விட்டுச் சொன்னேன். உன் அம்மா என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "வண்டி நகரறதுக்குள்ள மணியச் சொல்லாதய்யா! வழி காது குடுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கு" என்றாள். முப்பது வருஷமாக லாரிக்கு மணி சொல்லித்தான் வியாபாரம் பண்ணுகிறேன் என்று சிரித்தேன். போதாததற்கு, நாற்பது கிலோமீட்டர் மிச்சமாகும் என்று வறண்ட ஆற்றுப்படுகைக்குள் வண்டியை இறக்கினேன். மேலே பனிக்கட்டி ஏடு, கீழே பொதபொதவென்று மணல், முன்சக்கரம் இரண்டும் அச்சு வரை போய்விட்டன. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நாலு டிகிரி உறைகுளிர். எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்பாது, அணைக்காமல் விட்டால் டீசல் தீர்ந்துவிடும். நாலு மணி நேரம் தோண்டினேன். "ஆட்டுமுடி வாங்கறப்போ பேசுவியே பேரம், அத இந்த ஆத்துக்கிட்ட பேசிப் பாரு" என்று திட்டிக்கொண்டே அவளும் தோண்டினாள். கடைசியில் பெரியம்மாவுக்கென்று வாங்கிய புதுக் கம்பளத்தைச் சக்கரத்துக்கு அடியில் விரித்துத்தான் ஏறி வந்தோம். அவள் கால் விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்துப் போயிருந்தன, அவற்றை என் வயிற்றில் வைத்துச் சூடேற்றினேன். ஐந்து மணி நேர வழிக்குப் பதினொரு மணி நேரம் ஆயிற்று.

பெரியம்மா நாயைப் பிடித்துக்கொண்டு, டயர் தடம் பதிந்த கம்பளத்தைப் பார்த்துச் சிரித்து, உள்ளே கூட்டிப்போனாள். பெரியப்பா அடுப்புக்கு அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. அங்கியின் கைகளை விரல் நுனி வரை இழுத்துவிட்டிருந்தார். நான் நீலப் பட்டுத் துண்டை ஏந்தி, முறைப்படி என் கைகளை அவர் முழங்கைகளுக்குக் கீழே கொடுத்தேன். இடது கையை மட்டும் என் கை மேல் வைத்தார். வலது கையைத் தூக்கவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. பிறகு மூக்குப்பொடிச் சிமிழை நீட்டினார், அதுவும் இடது கையால். நம் ஊரில் பகையாளிக்குக்கூட யாரும் இடது கையால் சிமிழ் நீட்ட மாட்டார்கள், உனக்கே தெரியும். வாங்கி முகர்ந்து திருப்பிக் கொடுத்தேன், முகம் எனக்குக் கொதித்தது. ஆட்டுக்கறித் தட்டு வந்ததும் கத்தியை என் பக்கம் தள்ளி, "நீயே வெட்டு, பெரிய மனுசன் நீதானே" என்றார். வீட்டுக்கு மூத்தவர் வெட்ட வேண்டிய கறி அது. ஏழு வருஷம் காத்திருந்து மூன்று அடி கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "வா தரிமா, போகலாம்" என்று எழுந்துவிட்டேன். உன் அம்மா என் அங்கியைப் பிடித்து இழுத்தாள், உதறினேன்.

கதவில் கை வைத்தபோது ஒரு வாடை வந்தது. ஒரு முடியை நெருப்பில் காட்டி, அது செம்மறியா வெள்ளாடா கலப்படமா என்று மூக்காலேயே சொல்கிறவன் நான். அது ஒட்டகக் கம்பளி கருகுகிற வாடை. திரும்பிப் பார்த்தேன். பெரியப்பாவின் வலது கை நழுவி அடுப்பின் மேல் கிடந்தது, அங்கிக் கையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவரோ என் கண்ணையே பார்த்துக்கொண்டு, "போறவன் கதவ ஒழுங்கா சாத்திட்டுப் போ" என்கிறார்! தன் கை வேகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பாய்ந்துபோய் இழுத்தேன். உருட்டிவைத்த ஈரக் கம்பளி மாதிரி கனத்தது. உள்ளே புறங்கை முழுக்கக் கொப்புளம், அதற்குப் பக்கத்தில் ஆறிய பழைய கொப்புளம் இரண்டு.

பெரியம்மா அப்போதுதான் அழுதாள். இருபத்து மூன்று நாளுக்கு முன்னால் கிணற்றில் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் இறைக்கும்போது விழுந்திருக்கிறார். ஒரு நாள் முழுக்கப் பேச்சுக் குழறி, மறுநாள் தெளிந்துவிட்டதாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். கைதான் போயிற்றே தவிர வாய் போகவில்லை, என்னையே ஏசினார்: "தெரிஞ்சா நீ ஓடி வருவே, நொண்டிக்கு இரக்கப்பட்டு வருவே. எனக்கு அந்தத் தம்பி வேண்டாம். சண்டைக்காவது வர்ற தம்பிதான் வேணும்." அவர் முன்னால் மண்டியிட்டு, ஏழு வருஷத்துக்கு முன்னால் பேசியது என் தப்பு என்றேன். "எந்தப் பேச்சு? ஆட்டுப் புழுக்கையா? அது உண்மைதானடா, இன்னிக்கும் அதுக்குத்தான் காவல் இருக்கேன்" என்று சிரித்தார். நோமின், அந்தச் சிரிப்பில் அவர் வாய் ஒரு பக்கம் மட்டும்தான் ஏறியது.

மூன்று நாளாகக் கெஞ்சினேன், அதட்டினேன், பேரம் பேசினேன், ஊர் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பனி இறுகி ஆடுகள் மேய முடியாத வருஷம், விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டார், அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இன்று காலை தேநீர் அவர் கடைவாயில் வழிந்தது, என்னை எங்கள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மேட்டுக்கு ஓடி டாக்டரை அழைத்தேன். அவர்கள் வண்டி இந்தப் பனியில் வராதாம், காற்று அடங்கியதும் படுக்க வைத்து நீங்களே கொண்டுவாருங்கள், தாமதிக்காதீர்கள் என்றார். அந்தத் தாமதிக்காதீர்கள் என்ற சொல் காதை விட்டுப் போகவில்லை. திரும்பி வந்தபோது உன் அம்மா அவர் எதிரில் உட்கார்ந்து, "மச்சான், உங்க ஆட்ட நான் பாத்துக்கிறேன். மேய்ச்சல் எனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சீங்களா? ஒரு ஆடு கொறஞ்சா என்னை அறுத்து எண்ணிக்கைய சரி பண்ணிக்குங்க" என்றாள். நம் கடையில் ஹீட்டர் பக்கத்திலேயே பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவள்! அவர் அவளைப் பார்த்து, "கறுப்புக் கெடா முட்டும், பின்னால திரும்பிடாத" என்றார். அதுதான் சம்மதம்.

காற்று இப்போதுதான் அடங்கியது. ஆக, அவரும் நானும் மட்டும் போகிறோம், உன் அம்மா இங்கே பெரியம்மாவோடு இருக்கிறாள். பின்இருக்கையை மடக்கி மெத்தை போட்டாயிற்று. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான், ஆற்று வழி போனால் இறங்கி நடந்தே போய்விடுவாராம். மேட்டு வழியாகத்தான் போகப்போகிறேன், மேட்டுத் தெய்வத்துக்கு அடுக்கிய ஒவ்வொரு கற்குவியலிலும் ஹாரன் அடித்துத்தான் தாண்டுவேன், நீ சிரித்தாலும் சரி. எனக்குப் பயமாக இருக்கிறது நோமின், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. நடுவழியில் அவருக்கு மறுபடி வந்தால், ஸ்டியரிங்கைப் பிடிப்பேனா அவரைப் பிடிப்பேனா?

உடனே விமானம் ஏறிவிடாதே. தலைநகரிலிருந்து தெற்கே வரும் வழியும் இப்போது இதே பனிதான், இன்னொருத்தியை நினைத்தும் நான் பயந்துகொண்டிருக்க முடியாது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு உன் அம்மா மேட்டில் ஏறுவாள், அப்போது கூப்பிடு, ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிறுத்தி வைக்காதே, அவள் கால் இன்னும் முழுசாகத் தேறவில்லை. பெரியப்பாவோடு பேசக் கிடைத்தால் கையைப் பற்றிக் கேட்காதே, அழாதே, ஒட்டகங்களைப் பற்றிக் கேள். ஜன்னல் ஓரத்தில் படுக்கிற வழக்கத்தை விட்டாயா என்று உன்னைக் கேட்கச் சொன்னார். உன்னைப் பற்றி அவர் கேட்டது அது ஒன்றுதான். விட்டுவிட்டேன் என்று சொல், விடவும் செய்.

நீ உண்ணும் ஒவ்வொரு கிண்ணமும் நிறைந்திருக்கட்டும், உன் பாதை வெளுத்துத் தெளிந்திருக்கட்டும் மகளே. பெரியம்மா பாலை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், வழி நல்லபடியாக அமையச் சக்கரத்துக்குத் தெளிக்க. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று உன் அம்மாவைக் கேட்காதே, என்னையும் கேட்காதே. நான் சொல்ல மாட்டேன்.

வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு,
உன் அப்பா,
கொம்போ