மீன் கண்ணில் படாத ஜாக்கெட்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று எங்கள் தூண்டில் கடைக்கு ஒரு மேதாவி வந்தார். காற்றடைத்த ரப்பர் மிதவையில் உட்கார்ந்தபடி ஏரியில் மீன் பிடிப்பாராம். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். "மீன் பாத்துடும்ப்பா, தண்ணி கலர்ல குடு" என்றார். மூழ்கினால் தேடுகிறவனுக்கும் தெரியாது என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை. கண்ணாடி முன்னால் வயிற்றை எக்கி நின்று அழகு வேறு பார்த்தார்.

அளவு பார்ப்பது எப்படி என்று காட்ட, நான் வழக்கமாகப் போடும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, அதன் தோளைப் பிடித்துத் தூக்கச் சொன்னேன். சரியான அளவென்றால் மேலே ஏறக் கூடாது. காதுவரை வந்துவிட்டது. "உன் அளவே உனக்குத் தெரியல, எனக்குச் சொல்ல வந்துட்ட" என்று சிரிக்கிறார், முட்டாள். பழைய ஜாக்கெட், தளர்ந்திருக்கும்.

முதலாளி கூப்பிடுகிறார். எனக்குச் சட்டை தைத்தால் நாலு விரற்கடை குறைத்துத் தை அம்மா. இங்கே எல்லாரும் இறுக்கமாகத்தான் போடுகிறார்கள்.

உன் மகன்